நாளுக்கு ஒரு பொம்மை

ஜனவரி 14

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் சுகம். அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் இருந்தால் சரி.

வந்து மூன்று நாளாகிறது. இன்றைக்குத்தான் பேனா எடுக்க முடிந்தது, ஏனென்றால் இதுவரை தூங்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் தூங்கினேன், சாப்பாட்டு மேஜையில் தூங்கினேன், நேற்று ராஜாவின் கல்லறைக்குள்ளேயே தூங்கிவிட்டேன். சிரிக்காதே.

மலையைக் குடைந்து கீழே கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். மரப்பலகைச் சரிவு, இரண்டு பக்கமும் கைப்பிடி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே வெதுவெதுவென்று காற்று தேங்கிக் கிடக்கிறது. சுவர் முழுக்கச் சித்திரம். ராஜா வேட்டையாடுகிறான், ராஜா சாப்பிடுகிறான், ராஜா சும்மா உட்கார்ந்திருக்கிறான். சும்மா உட்கார்வதற்கும் பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். எங்களைக் கூட்டிப்போகிறவர் கூட்டத்தில் யாரும் தொலைந்துபோகாமல் இருக்கக் குடையைத் தூக்கிப் பிடித்தபடியே நடப்பார், அதனால் எல்லோருக்கும் அவர் குடைக்காரர். அவர் விளக்கிக்கொண்டிருந்தார், நான் ஒரு கல்படியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் தெரியும். காவலாளி வந்து தோளைத் தட்டினான். ராஜா தூங்குகிற இடத்தில் நாம் தூங்கக்கூடாதாம். ராஜாவே அங்கே இல்லை, வேறு ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறானாம். இவ்வளவு செலவு செய்து கட்டிய வீட்டில் இருக்க அவனுக்கும் கொடுத்துவைக்கவில்லை.

போனை மறந்து வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. அம்மாவின் மருந்துக்கான அலாரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது, அதனால்தான் தலைமாட்டிலேயே விட்டு வந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வை. தண்ணீரை டம்ளரில் கொடுக்காதே, புரையேறும், கரண்டியால் கொடு. அந்தக் கரண்டியால்தான் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடுவாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் பக்கம் மாற்ற வேண்டும். விடாமல் தட்டினால் கோபம், அப்போது எதிரே நிற்காதே.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். 

அன்புடன்,
அக்கா

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? வெயிலில் தொப்பி போடு.

நீ கல்லறையில் தூங்கியதைப் போனில் படித்துக் காட்டினேன், உன் மாப்பிள்ளை பத்து நிமிஷம் சிரித்தார். என் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. அலுவலகத்தில் டெலிபோன் எடுத்து ஊரார் குறையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போயிருக்கிறது, அம்மாவைச் சமாளிப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று வந்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. அங்கே ஐந்து மணிக்கு மெஷினை அணைத்துவிட்டு எழுந்து வரலாம். இங்கே கரண்டிக்கு அணைக்கிற பொத்தான் இல்லை.

நேற்று டாக்டர் வந்தார். அம்மா அவரிடம் அரை மணி நேரம் உலக விஷயமெல்லாம் பேசினாள். அவர் படியிறங்கியதும் மறுபடி கரண்டி.

உன் பஸ் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் வருகிறது. என் விடுப்பு இருபத்தைந்தோடு முடிகிறது. பெண்ணுக்குப் பரீட்சை வேறு. நேராக வீட்டுக்கு வந்துவிடு, வழியில் எந்தக் கல்லறையிலும் தூங்கிவிடாதே.

உன்,
சின்னவள்

ஜனவரி 22

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். அம்மாவின் முதுகு சிவக்காமல் இருக்கிறதா?

நாளைக்குப் பஸ் கிளம்புகிறது. நான் ஏறவில்லை. சரிவுப் பலகையில் கால் பிசகிவிட்டது, வீங்கியிருக்கிறது. பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. தங்கியிருக்கும் விடுதியிலேயே ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன். என் பெட்டியை மட்டும் குடைக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன், அதில் அம்மாவுக்கு ஒரு மெல்லிய போர்வை இருக்கிறது. 

இன்றைக்கு ஒன்று பார்த்தேன். ராஜாவின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அது நிறையப் பொம்மைகள். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மண்வெட்டி, முதுகில் ஒரு கோணி. செத்துப்போன பிறகு மேலுலகத்தில் ராஜாவை யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் அவனுக்குப் பதிலாக இவை எழுந்துபோய்ச் செய்ய வேண்டுமாம். ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. குடைக்காரர் வாசித்துச் சொன்னார்: "வேலைக்குக் கூப்பிட்டால், 'இதோ இருக்கேன்'னு சொல்லணும்." எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 29

அக்காவுக்கு,

உன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. பஸ் வந்த அன்றைக்கு நிலையத்தில் போய் நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள், கடைசியில் உன் பெட்டி இறங்கியது. நீ ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று குடைக்காரரைக் கேட்டேன். "உடம்புக்கு என்ன? நேத்துக்கூட அந்தச் சரிவுல எங்களுக்கெல்லாம் முன்னாடி ஏறிப் போனாங்களே" என்றார். கால் பிசகிவிட்டது என்ற உன் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

விடுப்பை நீட்டச் சொல்லி மேலதிகாரியிடம் கெஞ்சியிருக்கிறேன். சம்பளம் கிடையாது, வேலை இருந்தால் அதிர்ஷ்டம் என்கிறார். என் வீட்டில் அவரும் பெண்ணும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உனக்கு என்ன ஆயிற்று? ஏதாவது வியாதியா? என்னோடு கோபமா? இருந்தால் என்னிடம் காட்டு. அம்மா என்ன செய்தாள்? காலையிலிருந்து "பெரியவளே, பெரியவளே" என்று உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கவே நெஞ்சு பொறுக்கவில்லை. உடனே கிளம்பி வா.

சின்னவள்

மார்ச் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

நீ எழுதிய நாலு கடிதமும் கிடைத்தன. இரண்டு தடவை போன் செய்தாய் என்று விடுதிக்காரி சொன்னாள். இல்லையென்று சொல்லச் சொன்னது நான்தான். அவளைத் திட்டாதே. உன் குரலுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் ஒரு தடவை கேட்டால் போதும், என் கால் தானாகக் கிளம்பிவிடும். அதனால்தான் கடிதம்.

கால் பிசகவில்லை. வியாதியும் இல்லை. உன்மேல் கோபம் இருந்தது, இங்கே வந்து தூங்கியதில் அது பாதி போய்விட்டது. இந்த விடுதியில் தையல் வேலை பார்க்கிறேன். கிழிந்த படுக்கை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை. வீட்டில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஊராரின் உடுப்புக்குக் கை மடித்துத் தைத்த அதே வேலைதான். ஆனால் இங்கே ஒரு தையலை ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். உனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மாடிக்குப் பின்பக்கம் ஒரு அறை கொடுத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் துணி காயும் கொடியும் அதற்கப்புறம் மொட்டை மலையும்.

அம்மா என்னைக் கூப்பிடுகிறாள் என்று எழுதினாய். சின்னவளே, நீ பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். பதினொரு வருஷமாக அவள் வாயைத் திறந்து என்னைக் கூப்பிட்டதில்லை. டாக்டரிடம் பேசுவாள், பால்காரனிடம் பேசுவாள், போனில் உன்னிடம் கொஞ்சுவாள். எனக்குக் கரண்டிதான். அவளைக் குறை சொல்லவில்லை. கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து நிற்கிற ஆளை யார் கூப்பிடுவார்கள்?

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் பரவாயில்லை. நீ சாப்பிடுகிறாயா?

ஆமாம், பொய்தான். அவள் உன்னைக் கூப்பிடவில்லை. நீ எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது, அதனால்தான் மாற்றி எழுதினேன்.

ஒரு ஆளை வேலைக்கு வைத்தேன். கெட்டிக்காரி, ஆஸ்பத்திரியில் இருந்தவள். இரண்டாம் நாள் அம்மா அவள் கையைக் கடித்தாள். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. அம்மாவுக்குச் சொந்தப் பல் நாலுதான், நாலும் சரியாக வேலை செய்கிறது. எங்கள் ஊரில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்றால் டாக்டர், வண்டியில் அவ்வளவு தூரம் தாங்காது என்கிறார். 

முந்தாநாள் அவளைக் குளிப்பாட்டிவிட்டு, நனைந்த புடவையோடு தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். இதைப் பதினொரு வருஷமாக ஒருத்தி செய்தாள், நான் தீபாவளிக்கு வருகிற விருந்தாளி மாதிரி வருஷத்துக்கு இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அக்கா, உண்மையைச் சொல்கிறேன், உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "என்னால முடியலடி, நீ வா" என்று ஒரு வார்த்தை.

எப்போது வருவாய்? சும்மா தேதி மட்டும் எழுது.

சின்னவள்

ஏப்ரல் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். அங்கே வெக்கை ஆரம்பித்திருக்கும், அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் அடிக்கடி கொடு.

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று எழுதினாய். பஸ் ஏறும்போது எனக்கே தெரியாதடி. திரும்பி வரத்தான் போனேன். துவைத்த துணியைக்கூட உள்ளே எடுத்து வைக்காமல் கொடியில் விட்டுத்தானே வந்தேன்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் மலைக்கு நடந்துபோகிறேன். வாசலில் சீட்டுக் கிழிப்பவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது, கடைசிக் கூட்டம் வெளியே வந்த பிறகு கொஞ்ச நேரம் விடுகிறார். அவருடைய சட்டைக்கு இரண்டு பொத்தான் தைத்துக் கொடுத்தேன், அந்த மரியாதை. மற்ற அறை எதற்கும் நான் போவதில்லை. பொம்மை அறைதான். ஒருநாள் அவரிடம் கேட்டேன், இவ்வளவு எதற்கு, ஒரு ராஜாவுக்கு ஒரு வேலைக்காரப் பொம்மை போதாதா என்று. "ஒரு நாளைக்கு ஒண்ணும்மா. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை இருக்கு" என்றார். போதாக்குறைக்கு அவற்றை மேய்க்கக் கங்காணிப் பொம்மைகள் தனியாக.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரையே அடித்து உலையில் போட்ட ராஜா அவன். அவனுக்குக்கூட இது தெரிந்திருக்கிறது. ஒரே பொம்மை எல்லா நாளும் எழுந்திருக்காது என்று. மண்ணாலும் கல்லாலும் செய்த பொம்மைக்கே ஒரு நாள் வேலை, மற்ற நாளெல்லாம் படுத்துக்கொள்ளலாம். எனக்கு அழுகை வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

தேதி கேட்டாய். தேதி இல்லை. மூடி மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு வர ஆசை இல்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்தை எழுது.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். நீ அங்கேயே இரு. கோபத்தில் சொல்லவில்லை. நன்றாகத் தூங்கு. இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

என்னை இந்த ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள், தற்காலிகமாக. பாதி நாள் வேலை. அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டம்மா வந்து உட்காருகிறார், அவரை அம்மா இன்னும் கடிக்கவில்லை. பெண் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். உன் மாப்பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், அவரே சொல்லிக்கொள்கிறார், சாப்பிட்டவர்கள் யாரும் சொல்லவில்லை. குளியலறைக் குழாயை மாற்றினேன். உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

கரண்டியைச் சமையலறையிலேயே வைத்துவிட்டேன். இப்போது அது தேவைப்படுவதில்லை.

உன்,
சின்னவள்

மே 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நீ எழுதியதைப் படித்து நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளையின் சமையலுக்கு என் அனுதாபங்கள்.

கரண்டி தேவைப்படவில்லை என்றால் அம்மா எப்படிக் கூப்பிடுகிறாள்? கையைத் தூக்க முடியவில்லையா? பேசுகிறாளா?

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நேற்று நல்ல மழை, ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மெத்தை ஓரம் நனைந்துவிட்டது. கட்டிலை உள்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டேன். தச்சரை வரச் சொல்லி ஜன்னல் கதவைச் சரிபண்ணியாயிற்று. டாக்டர் மருந்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். நீ வாங்கி அனுப்பிய போர்வையைத்தான் போர்த்துகிறேன், அதைத் துவைக்கக்கூட எடுக்க விடமாட்டேன் என்கிறாள் அம்மா.

உன் மலையில் இப்போது வெயில் கடுமையாக இருக்குமே. சாயங்காலம் தாழ்த்திப் போ. எதற்கும் அவசரப்படாதே. நான் இருக்கிறேன்.

உன்,
சின்னவள்

மே 23

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம் விசாரித்து முடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

உன் கடிதம் நேற்று வந்தது. அதை வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். விடுதிக்காரி வந்து என்ன என்று கேட்டாள். "என் தங்கச்சி ஜன்னலைப் பத்தி எழுதியிருக்கா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அம்மா பேசுகிறாளா என்று உன்னிடம் கேட்டேன். மழை எழுதினாய், மெத்தை எழுதினாய், தச்சரைக்கூட எழுதினாய். அதற்கு மட்டும் பதில் இல்லை. ஜனவரியில் அவள் என்னைக் கூப்பிடாதபோது கூப்பிடுகிறாள் என்று பொய் எழுதினாய். என்னை வரவழைக்க. இப்போது என்னை வரவிடாமல் இருக்க ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறாய். கரண்டி சமையலறையில் கிடக்கிறது. போர்வையைத் தொட விடமாட்டேன் என்கிறாள். அப்படியானால் வாயால் கூப்பிடுகிறாள். உன்னையென்றால் நீ குதித்துக்கொண்டு எழுதியிருப்பாய். என்னைத்தான் கூப்பிடுகிறாள். நீ போய் நிற்கிறாய், அவள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி என்னைக் கூப்பிடுகிறாள். எத்தனை நாளாக இதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்?

எனக்காக நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய். என்மேல் கோபமாக இருக்கிறவள் செய்கிற காரியமா இது? பதினொரு வருஷத்தில் எனக்காக யாரும் இவ்வளவு செய்ததில்லை. படித்துவிட்டு முதல் தடவையாக இங்கே அழுதேன்.

வர ஆசை இல்லை என்று எழுதியது பொய்யில்லை. இப்போதும் ஆசை இல்லை. அந்த வீட்டு வாசலை நினைத்தாலே தோள் வலிக்கிறது. ஆனால் அவள் கூப்பிட்டு, நான் அது தெரிந்த பிறகும் இங்கே தலையணை உறை தைத்துக்கொண்டிருக்க முடியாது. அவள் பேசுகிற காலம் எவ்வளவு மிச்சம் என்றும் தெரியவில்லை. டாக்டர் மருந்தைக் குறைத்தார் என்றாயே, அது எதற்கு என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர நாள் விட்டு, இருபத்தொன்பதாம் தேதி காலைப் பஸ்ஸில் கிளம்புகிறேன். மூன்று மாதம் நான் பார்க்கிறேன், நீ உன் வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையை அடுப்படியிலிருந்து வெளியே இழு. அப்புறம் மூன்று மாதம் நீ. அம்மா எவ்வளவு நாள் இருக்கிறாளோ அவ்வளவு நாளும் இப்படித்தான். நாளுக்கு ஒரு பொம்மை வைக்க நாம் ராஜ குடும்பம் இல்லை, நாம் இரண்டே பேர். இதற்கு நீ சம்மதிக்காவிட்டால் வாசலிலிருந்தே திரும்பிவிடுவேன். பின்பக்கத்து அறையை நான் காலி செய்யவில்லை. மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, சாவியை விடுதிக்காரியிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

நான் வந்து சேரும்வரை அவள் கூப்பிட்டால் பேச்சை மாற்றாதே. பஸ் ஏறிவிட்டாள் என்று சொல்.

பெரியவள்